ஏரிக்கரையில் ஓய்வு யாருக்கு?

'ரிடையர்' என்ற சொல் எங்க வூட்டுக்குள் வந்தது 2019இல்தான். அதற்கு முன்னால் எங்கள் வம்சத்தில் யாரும் ரிடையர் ஆனதில்லை. தாத்தா ஆண்டையின் கழனியில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தபோது சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஆயா சாவதற்கு நாலு நாள் முன்பு வரைக்கும் மாட்டுத் தொழுவத்தில் சாணி வாரிக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து நேராகக் குழிக்குப் போவது ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்த ஓய்வு.

நைனா கேங்மேன். கொருக்குப்பேட்டைக்கும் கூடூருக்கும் நடுவில் முப்பத்து மூணு வருஷம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவர். வெயிலில் சுத்தியலும் ஸ்பேனரும், மழைக்கால ராத்திரிகளில் கையில் விளக்கும். முட்டி ரெண்டும் தேய்ந்துவிட்டது. 2004க்கு முன்னால் ரயில்வேயில் சேர்ந்தவர் என்பதால் பழைய பென்ஷன் கிடைத்தது. யூனியன்காரர்கள் போட்ட சால்வையோடும் மாலையோடும் அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் வந்து இறங்கினார். கையில் கொஞ்சம் பணம். அதை வைத்து என்ன செய்வது என்று வூட்டில் பேச்சு வந்தபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏரிக்குப் பக்கத்துல மூணு சென்ட்டு. சின்னதா ஒரு வூடு. திண்ணை ஏரியப் பாத்தாப்ல இருக்கணும். அவ்ளோதான் கண்ணு."

ஏரி என்று எங்கள் பக்கத்தில் சொன்னால் அது பழவேற்காடு ஏரி. மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவில் இருக்கிற அனுப்பம்பட்டு நைனாவின் ஊர். அம்மா பிறந்தது ஏரிக்கரையோரத்துக் காலனி ஒன்றில். அந்தக் காலனியின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. என் மாமனும் அத்தையும் இன்னும் அங்கேதான் பிழைத்தாக வேண்டும்.

அந்த மூணு சென்ட்டு கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்ல இதை எழுதவில்லை. அழகான இடத்தில் போய் உட்கார்ந்து வயசைக் கழிப்பது என்கிற ஆசை யாருக்கு உரியது, அந்த ஆசைக்கு நிலத்தை யார் விட்டுக்கொடுக்கிறார்கள், வேலையை யார் செய்கிறார்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

*

பழவேற்காட்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரிசாவின் சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்குக் கோடி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே ஸ்ரீஅரிக்கோட்டாத் தீவு. மேற்கே ஆந்திர மலைகள். அந்த மலைப்பக்கத்திலிருந்து பிச்சாட்டூர் அணை வழியாக இறங்கி வருகிற ஆரணி ஆறு ஏரியில் கலக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும். பறவைகளுக்காக 1980இல் தமிழக அரசு இதைச் சரணாலயம் ஆக்கியது. மலை, ஆறு, ஏரி, கடல் எல்லாம் ஒரே சுற்றில். மெட்ராஸிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்.

எம்.ஏ. வகுப்பில் நெய்தல் திணை நடத்தும்போது இந்த ஏரிதான் என் கண்ணில் நிற்கும். முதற்பொருள் கடலும் கடல் சார்ந்த இடமும், உரிப்பொருள் இரங்கல் என்று எழுதிக்கொள்வோம். கருப்பொருளில் பரதவர், நுளையர், உமணர் எல்லாம் வருவார்கள். சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவுகிற என் அம்மா எந்தப் பொருளில் வருவாள் என்று நான் தேடியிருக்கிறேன். முதலிலும் இல்லை, கருவிலும் இல்லை. இரங்கல் மட்டும் அவளுக்கும் உண்டு.

இப்போது இந்த அழகுக்கு விலை வந்திருக்கிறது. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் பஸ்ஸில் போனால் கழனிக்கு நடுவில் வண்ணக் கொடிகள் பறக்கும். நட்ட கல்லுக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட். 'ஏரி பார்த்த மனை', 'ஓய்வுக்கால இல்லம்', 'பண்ணை வீடு' என்று போர்டுகள். போர்டில் நரைத்த தலையோடு ஒரு தம்பதி சிரித்துக்கொண்டு டீ குடிப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏரி இருக்கும். ஏரியில் ஒரு ஆள்கூட இருக்க மாட்டான்.

இது தெற்கே நடந்து முடிந்த கதை. 1990களின் கடைசியில் கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமானது. நீலாங்கரையிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் சவுக்குத் தோப்புகள் பங்களாக்களாகவும் ரிசார்ட்டுகளாகவும் மாறின. அந்தச் சாலைக்குப் பக்கத்து நிலத்தில் என்ன நடந்தது என்பதை நம் பத்திரிகைகளை வாசிக்கிறவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் இன்றைய மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்டவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனையை மீறிக் கைமாறிய நிலத்தைக் கேட்டு மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையில் ஜனங்கள் 1994இல் இறங்கினார்கள். அண்ணல் அம்பேத்கரின் சிலையை அந்த மண்ணில் வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

பொன்னேரி தாலுகாவும் அன்றைக்கு அதே செங்கல்பட்டு மாவட்டம்தான். ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதியது எங்கள் கொள்ளுப்பாட்டனைப் பற்றியும்தான். ஆனால் இன்று போர்டு நட்டிருக்கும் நிலத்தில் எது பஞ்சமி, எது மேய்க்கால், எது நத்தம் என்று யாரும் கேட்பதில்லை. வாங்குகிறவர்களுக்கு ஏரி தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

*

அப்படி ஒரு மனையைப் பார்க்க நைனா, மாமா, நான் மூணு பேரும் போனோம். நைனா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் பேனா. அங்கே இருந்த பையன், "வாங்க சார், உக்காருங்க சார்" என்று நாற்காலி போட்டான், கூல்டிரிங்ஸ் கொடுத்தான். படத்தை விரித்து எந்த வரிசையிலிருந்து ஏரி நல்லாத் தெரியும் என்று காட்டினான். நைனா விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டார். அந்த விரலில் நகம் இல்லை. தண்டவாளம் எடுத்துக்கொண்டது.

"சாருக்கு நேட்டிவ்?"

"எனக்கு அனுப்பம்பட்டு தம்பி. வூட்டுக்காரம்மாவுக்கு இங்கதான், பக்கத்துல" என்று நைனா காலனியின் பெயரைச் சொன்னார்.

பையன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்தவன் படத்தைச் சுருட்டினான். "சார், இந்த வரிசை எல்லாம் புக் ஆயிடுச்சாம். எனக்குத் தெரியாது." "பின்னாடி வரிசை?" "அதுவும்தான் சார்."

கொஞ்ச நேரத்தில் பெரியவர் ஒருவர் பைக்கில் வந்தார். சைட்டைப் பார்த்துக்கொள்கிறவர். நைனாவை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்பா, ரயில்வேல இருந்தியா? நல்ல ஆளாத் தெரியிற. நம்ம சைட்டுக்கு ராத்திரி காவலுக்கு ஆள் இல்ல. வூடுங்க வர ஆரம்பிச்சா ஒரு ரூம் குடுத்துடலாம். ஏரியப் பாத்த ரூம்தான்."

'சார்' அரை மணி நேரத்தில் 'ஏம்பா' ஆன கதை இது. காசு கொடுத்து வாங்க வந்தவருக்கு, அதே இடத்தில், வாங்கினவர்களைக் காவல் காக்கிற வேலை. நைனா ஒன்றும் பேசவில்லை. கூல்டிரிங்ஸ் பாட்டிலை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். பஸ் ஸ்டாப்பில்தான் வாயைத் திறந்தார்: "மூணு சென்ட்டு கேட்டா ஏரி மொத்தத்தையும் பாத்துக்கச் சொல்றாண்டா." மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டு மாசம் கழித்தும் அந்த வரிசையில் மஞ்சள் கல்தான் நின்றுகொண்டிருந்தது.

இதில் புதுசு ஒன்றும் இல்லை. ஊர்த் தெருவில் நமக்கு வீடு கிடையாது என்பது பழைய சட்டம். புதுசு எதுவென்றால், மேப்பில் இப்போதுதான் பிறந்த தெருவுக்கும், இன்னும் ஒரு செங்கல்கூட வைக்காத தெருவுக்கும், யாரும் குடிவராத தெருவுக்கும் அதே சட்டம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'நம்ம ஆளுங்க பக்கத்துல இருந்தாத்தான் மெட்ராஸ்காரன் வாங்குவான்' என்று விற்பவன் கணக்குப் போடுகிறான். விலையில் சாதி சேர்ந்திருக்கிறது.

*

காலனியில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு நாள் அங்கே நோட்டுப் புத்தகம் கொடுக்க ஒரு பெரியவர் வந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரி தெரிகிற மாதிரி வீடு கட்டிக்கொண்டு மனைவியோடு வந்து இருக்கிறார். நல்ல மனுஷர்தான். பறவைகளின் பெயரெல்லாம் தெரிந்து வைத்திருந்தார். பிள்ளைகளுக்குப் பைனாகுலர் காட்டினார். போகும்போது என்னிடம் கேட்டார்:

"ஏம்மா, இவ்வளவு அழகான இடத்துல பொறந்துட்டு உங்க ஜனங்க எல்லாம் ஏன் மெட்ராஸுக்கு ஓடுறாங்க? நாங்க முப்பத்தஞ்சு வருஷம் சம்பாதிச்சு இங்க வந்து சேர்றோம். நீங்க இங்கேருந்து கிளம்பிப் போறீங்க."

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. அன்றைக்கு நின்று பேச நேரமில்லாமல் கொஞ்சம்தான் சொன்னேன். முழுசாக இங்கே சொல்கிறேன்.

அய்யா, நீங்கள் பார்க்கிற ஏரியில் தண்ணீருக்கு மேலே கோடு தெரியாது. ஆனால் கோடு இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி மீனும் இறாலும் நிறைய கிடைக்கிற இடங்களைப் 'பாடு' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அங்கே கம்பு நட்டு வலை கட்டுகிற முறை குறிப்பிட்ட சில குப்பங்களுக்குத்தான். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். பார்த்தால் அழகான ஏற்பாடு. சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்கிறார்கள், ஏரியைக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் புகழ்ந்து எழுதுகிறார்கள். ஆனால் குலுக்கலில் பெயர் விழ வேண்டுமென்றால் பட்டினவர் சாதியில், அந்தக் குப்பத்தில், ஆணாகப் பிறந்திருக்க வேண்டும். என் மாமா எத்தனை வருஷம் ஏரியில் இறங்கினாலும் அந்தச் சீட்டில் அவர் பெயர் இருக்காது. மிச்சம் இருக்கிற ஆழமில்லாத சேற்றில் எங்கள் ஜனங்களும் இருளர்களும் கையால் தடவி இறால் பிடிக்கிறோம். ரெண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். அகப்பட்ட இறாலைப் போட ஓலைப் பறி. பறியின் கயிறு பல்லுக்கு நடுவில். அம்மா ஒன்பது வயசில் இறங்கினாள். அவளுடைய முன்பல் ரெண்டும் தேய்ந்திருப்பது கயிறு தேய்த்துத்தான்.

பட்டினவர்கள் ஒன்றும் மாளிகையில் வாழவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஸ்ரீஅரிக்கோட்டாவில் 1971இல் முதல் ராக்கெட் கிளம்பியது. அதற்காக அந்தத் தீவிலிருந்து ஏனாதிகளும் மீனவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். வந்தவர்களில் பலர் இந்த ஏரியைச் சுற்றித்தான் ஒதுங்கினார்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியது. காட்டுப்பள்ளித் துறைமுகம் 2018இல் அதானி கைக்குப் போனது. அதை விரிவாக்கும் திட்டம் வந்தபோது பழவேற்காட்டு மீனவக் கிராமங்கள் எதிர்த்து நின்றன. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் எல்லோருக்கும்தான் வயிறு காய்கிறது. அந்தப் போராட்டங்களில் நாங்களும் நின்றோம், நிற்போம். ஆனால் பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்தவர், பாட்டில் பக்கத்தில் வலை கட்ட விடுவதில்லை. துறைமுகத்துக்காரனிடம் 'ஏரி எல்லோருக்கும் பொது' என்று சொல்வதை ஏரிக்குள்ளேயும் ஒரு நாள் சொல்லியாக வேண்டும்.

அதனால்தான் அய்யா ஓடுகிறோம். அழகு தெரியாமல் ஓடவில்லை. நீங்கள் சம்பளத்தை முடித்துக்கொண்டு வருகிறீர்கள். நாங்கள் சம்பளத்தைத் தேடிப் போகிறோம். நீங்கள் வந்து சேர்கிற அமைதி, எங்கள் பிள்ளைகள் போய்விட்டதால் உண்டான அமைதி. காலையில் ஆறு மணிக்கு அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் வந்து பாருங்கள். பெயின்ட் அடிக்க, சித்தாள் வேலைக்கு, ஆஸ்பத்திரி கூட்ட, துறைமுகத்தில் மூட்டை தூக்க எத்தனை பேர் மெட்ராஸ் வண்டிக்கு நிற்கிறார்கள் என்று.

*

ஓய்வு என்பது நம் நாட்டில் யாருக்கு அனுமதிக்கப்பட்டது? பிரம்மச்சரியம், கிரகஸ்தம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்று நாலு ஆசிரமம் வைத்தார்கள். தலை நரைத்து, பேரப்பிள்ளையைப் பார்த்த பிறகு காட்டுக்குப் போய் அமைதியாக இருக்கலாம் என்பது வானப்பிரஸ்தம். பூணூல் போட்ட மூன்று வருணத்துக்குத்தான் அது. சூத்திரனுக்குச் சேவகம் ஒன்றே தர்மம். வருணத்துக்கு வெளியே நிற்கிற நமக்கோ கணக்கிலேயே இடம் இல்லை. இன்று அந்த வானப்பிரஸ்தம்தான் போர்டில் டீ குடிக்கிறது. காட்டுக்குப் பதில் ஏரி.

வெள்ளைக்காரனும் இதையே செய்தான். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் வீடு கட்டினார். தோடர்களின் மேய்ச்சல் நிலம் கொஞ்ச காலத்தில் துரைமார்கள் உடம்பு தேற்றிக்கொள்கிற ஊர் ஆனது. அந்த பங்களாக்களில் சமையலும் குதிரைக்காரன் வேலையும் செய்ய மலையேறியவர்களில் நம் ஜனங்கள் ஏராளம். பழவேற்காட்டுக்கு அதற்கும் முன்பே டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். பஞ்ச காலத்தில் சோற்றுக்கு விற்கப்பட்டவர்களை இந்தக் கரையிலிருந்துதான் கப்பலேற்றி, இன்றைக்கு ஜகார்த்தா என்கிற பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். அந்த டச்சுக்காரர்களின் கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. வேலி, கதவு, அறிவிப்புப் பலகை எல்லாம் உண்டு. எங்கள் காலனியில் செத்தால் பிணத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்தவன் வரப்பில்தான் நடக்க வேண்டும். நடவு நட்டிருந்தால் சண்டை. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் செத்த டச்சுக்காரனுக்கு இங்கே ஓய்வு உண்டு. போன வாரம் செத்த எங்கள் பெரியம்மாவுக்கு இல்லை.

மெட்ராஸ் ஜனங்கள் வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளியூர்க்காரன் வந்து வாங்குவதால் உள்ளூர்க்காரனுக்குக் குடியிருக்க இடமில்லாமல் போவது உலகம் முழுக்க நடக்கிறது. இங்கிலாந்தில் கார்ன்வால் கடற்கரையில் செயின்ட் அய்வ்ஸ் என்று ஓர் ஊர். மீன்பிடி ஊராக இருந்தது, விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்கள் வீடுகளாக வாங்கிக் குவித்த பிறகு உள்ளூர்ப் பிள்ளைகளால் அங்கே குடியிருக்க முடியவில்லை. 2016இல் ஊரே வாக்கெடுப்பு நடத்தியது. இனிமேல் கட்டுகிற புது வீடு நிரந்தரமாகக் குடியிருக்கிறவர்களுக்குத்தான் என்று முடிவு செய்தார்கள். வாக்களித்தவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. நம் ஊரிலும் அப்படி ஒரு வாக்கெடுப்பு வைக்கலாம் என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் நம் ஊரில் 'உள்ளூர்' என்றால் யார்? ஊர்க்கூட்டத்தில் எங்களுக்குத் திண்ணையே கிடையாது. வெளியூர்க்காரன் ஏரியைப் பார்த்து வீடு கட்டுவதற்கு முன்னாலும் எங்கள் வீட்டு வாசல் ஏரியைப் பார்த்து இருந்ததில்லை, பள்ளத்தைப் பார்த்துத்தான் இருந்தது. கிராமத்தைக் கொண்டாடியவர்களை அரசியல் நிர்ணய சபையில் 1948இல் அண்ணல் கேள்வி கேட்டதும், அதற்கு முன்பே 1942இல் நாக்பூர் மாநாட்டில் தீண்டப்படாதவர்களுக்குத் தனிக் குடியிருப்பு வேண்டுமென்று தீர்மானம் போட்டதும் இதனால்தான்.

*

நைனாவின் திண்ணைப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா ஒன்று சொல்வாள்: "ஏரியப் பாத்தா உங்க நைனாவுக்கு மனசு ஆறுதாம். எனக்கு இடுப்புதான் வலிக்குது. அவரு திண்ணையில உக்காந்துகினு இருந்தா டீ யாரு போட்டுத் தர்றது?"

அம்மா எப்போது ரிடையர் ஆவாள்? இந்தக் கேள்வியை எந்த யூனியனும் கேட்கவில்லை. ஒன்பது வயசில் ஏரி, பதினேழு வயசில் கல்யாணம், பிறகு நடவு, களையெடுப்பு, கட்டட வேலை, நூறு நாள் வேலை. அறுபது வயசாகிறது. அவள் பெயரில் பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. "நான் செத்தாத்தான் உனக்குப் பென்ஷன்" என்று நைனா கிண்டல் பண்ணுவார். குடும்பப் பென்ஷனைச் சொல்கிறார். "அப்ப நீ சீக்கிரம் யோசன பண்ணு" என்பாள் அம்மா. சிரிப்போம். ஆனால் விஷயம் அதுதான்: ஒரு பெண்ணின் அம்பது வருஷ உழைப்புக்கான ஓய்வூதியம், அவள் தாலியறுந்தால்தான் வருகிறது.

அத்தை கதை இன்னும் மோசம். காலனியில் இருக்கிறாள். அறுபத்து நாலு வயசு. முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டாள். பையன் இருக்கிறான் என்று தள்ளிவிட்டார்கள். பையன் மெட்ராஸில் பெயின்ட் அடிக்கிறான், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் தொடங்கியது. மாசம் 1,000 ரூபாயாக இருந்ததை 2023 ஆகஸ்ட்டில் 1,200 ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு 40 ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு எண்பது வயசுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 200 ரூபாய்தான். இந்த 40 ரூபாயை வாங்க, தான் ஆதரவற்றவள் என்று ஒரு தாய் ஆபீஸ் ஆபீஸாகப் போய் நிரூபிக்க வேண்டும். பெற்ற பிள்ளை உயிரோடு இருப்பதே அவளுக்கு எதிரான சாட்சி. எந்தக் கலெக்டராவது, எந்த வங்கி அதிகாரியாவது, 'எனக்குப் பிள்ளையே இல்லை' என்று சொல்லித்தான் பென்ஷன் வாங்குகிறாரா? அவர்களுக்கு அது உழைத்ததற்கான உரிமை. எங்களுக்கு அது பிச்சை.

மனித உரிமைப் பிரகடனம் 1948இல் வந்தது. அதன் 24ஆவது பிரிவு ஓய்வும் ஓய்வு நேரமும் எல்லா மனிதருக்கும் உரிமை என்கிறது. அதற்கு முன்னாலேயே அண்ணல் அதைச் சட்டமாக்கப் பாடுபட்டார். வைசிராய் கவுன்சிலில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை அவரிடம் இருந்தது. தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை, வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிற திருத்தங்கள் அந்தக் காலத்தில் வந்தவை. கற்பி, ஒன்றுசேர், புரட்சி செய் என்பதை மட்டும் மேடையில் சொல்கிறோம். உழைக்கிறவன் கொஞ்சம் உட்கார வேண்டும் என்று அவர் நினைத்ததை நாம் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலைக்குள் நின்றுவிட்டது. கழனிக்கும் ஏரிக்கும் அடுப்பங்கரைக்கும் வரவில்லை.

இயக்கத் தோழர்கள் சிலருக்கு நைனாவின் ஆசை பிடிக்கவில்லை. "ஏரி பார்த்த வீடெல்லாம் நடுத்தர வர்க்க மோகம் தோழர். அவரைப் போராட்டத்துக்குக் கூப்பிடுங்க, இப்ப அவருக்கு நேரம் இருக்குதே" என்றார்கள். நைனா வராமல் இல்லை. திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாளில் காலனி நத்தப் பட்டாவுக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு என்று மனு எடுத்துக்கொண்டு திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறார். தேய்ந்த முட்டியோடு வரிசையில் நிற்கிறார். ஆனால் நான் தோழர்களைக் கேட்கிறேன். முப்பத்து மூணு வருஷம் சுத்தியல் தூக்கியவனுக்கு அழகு பார்க்கக் கண் இருக்கக் கூடாதா? நம் ஆள் என்றால் ஒன்று வேலை செய்ய வேண்டும், இல்லை போராட வேண்டும், சும்மா மட்டும் இருக்கக் கூடாது என்பது யாருடைய சட்டம்? ஆண்டையும் அதைத்தானே சொன்னான்? நிலம் கேட்பது நெல் விளைவிக்க மட்டும் இல்லை. பாய் போட்டுப் படுக்கவும்தான், பொழுது சாயும்போது பூநாரை இறங்குவதைப் பார்க்கவும்தான்.

*

செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. வாசிக்கிற மாணவர்களையும் தோழர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் தாலுகாவில் மனைப் பிரிவு போர்டு எங்கே நின்றாலும் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2005இன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். பஞ்சமி, கண்டிஷன் பட்டா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கைமாறிய விதத்தைக் கேட்டு மனு கொடுங்கள். பொன்னேரிப் பக்கம் நாங்கள் தொடங்கியிருக்கிறோம். வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. ஏரியோரக் கிராமங்களில் கடற்கரை ஒழுங்குமுறை வரைபடம் பற்றிக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், மீனவர் குடியிருப்பு என்று குறிக்கும்போது காலனியையும் இருளர் குடிசைகளையும் குறிக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் இல்லாத வீடு நாளைக்கு ஆக்கிரமிப்பு ஆகிவிடும். ஒவ்வொரு காலனியிலும் உதவித்தொகை மறுக்கப்பட்ட கிழவிகளின் பட்டியலை எடுங்கள். அவர்கள் எத்தனை வயசில் வேலைக்குப் போனார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள். அதுதான் அவர்களுடைய சர்வீஸ் புக். அதை வைத்து, தயவு வேண்டாம், ஓய்வூதியம் கொடு என்று கேட்போம்.

வங்கி அதிகாரி அய்யாவுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள். ஆனால் உங்கள் மனைப் பிரிவில் அடுத்த மனை விற்பனைக்கு வரும்போது யாருக்கு இல்லை என்று சொல்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதைக் கேட்க உங்களால் முடியும். கேட்டால் உங்களை யாரும் வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

எங்களுக்கு வேண்டியது பங்களா இல்லை. மூணு சென்ட்டு, ஒரு திண்ணை, டீயை யாராவது ஒருத்தர் போட்டுக் கொண்டுவந்து என் அம்மா கையில் கொடுக்கிற ஒரு சாயங்காலம். இடுப்பு வலிக்காமல் அவள் அந்த ஏரியைப் பார்க்க வேண்டும்.